பத்து நாற்பதுக்கு ஒரு பிறந்த நாள்

"பதினாலாம் தேதி பிறந்த நாளாமே! தெருவுக்கே மறைச்சிட்டீங்களே, ரென்ஸ்கே!"

வாசலில் நின்றவர் ஹில்பிராந்த். தெருவாசிகள் சங்கத் தலைவர். பூனை காணாமல் போனாலும் அறிக்கை விடுபவர்.

ரென்ஸ்கே கழிப்பறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஊரில் எல்லார் வீட்டையும்போல அவள் கழிப்பறையிலும், தெரிந்தவர்களின் பிறந்த நாள்களைக் குறித்துவைக்கும் நாட்காட்டி தொங்கியது. விருந்தாளியே வராத வீட்டில் யார் பார்க்கப் போகிறார்களென்று அதில் பதினான்காம் தேதியில் "நான், 10.40" என்று எழுதிவைத்திருந்தாள். போன வாரம் பக்கத்து வீட்டுத் தீனெகே கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், கழிப்பறைக்கும் போய் வந்தாள்.

பத்து நாற்பது, மருத்துவமனையில். இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை கடைவீதியில் வந்து நிற்கும் மார்பகப் பரிசோதனை வண்டிக்கு ரென்ஸ்கே தவறாமல் போவாள். விவாகரத்துக்குப் பிறகு அவளைத் தொடுகிற ஒரே ஜீவன் அந்த வண்டிப் பெண்தான். அதுவும் இரண்டு தட்டுகளுக்கிடையே வைத்து நசுக்குவதற்காக. இந்த முறை, 'படத்தில் ஏதோ தெரிகிறது, மேற்கொண்டு பார்க்க வேண்டும்' என்று கடிதம் வந்துவிட்டது. 'துணைக்கு ஒருவரை அழைத்து வரவும்' என்பது கடைசி வரி. அந்த வரியைத்தான் அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது பிறந்த நாள் இல்லீங்க…"

"பின்னே?"

தலைவரிடம் போய் மார்பைப் பற்றிப் பேசுவதா? "இல்ல… பிறந்த நாள்தான்."

"அறுபதுதானே?"

ஐம்பத்தேழு வயதுக்காரி தலையாட்டினாள். "சாயங்காலமா வாங்களேன்."

"அறுபதுக்குச் சாயங்காலமா? காலைல ஒம்பதரைக்கே வந்துடறோம்!"

"காலைல நான் கேக் வாங்கப் போகணும்."

"கேக் நாங்க கொண்டுவர்றோம்."

"நாற்காலி பத்தாதே."

"சங்கத்துல நாப்பது இருக்கு!"

நாற்பதும் வந்தன. பதினான்காம் தேதி ஒன்பதரைக்கு, இத்தனை நாள் அவள் பெயரே தெரியாதவர்கள் வட்டமாக உட்கார்ந்து, அந்த ஊர் வழக்கப்படி அவளுக்கு மட்டுமல்லாமல் ஒருவருக்கொருவரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். ஹில்பிராந்த் தொண்டையைச் செருமி எட்டுப் பக்க உரையை விரித்தார்.

பத்து மணி பத்து நிமிடம். ரென்ஸ்கே மேலங்கியை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? முதல் பக்கமே முடியலையே!"

"காபிக்குப் பால்…"

"ஆறு பாக்கெட் இருக்கு!"

சமையலறைக்குள் ஓடி, பால் பாக்கெட்டுகளைப் பார்த்தபடி நின்றாள். கண் கலங்கியது. வீடு நிறைய ஆட்கள். கூட வரச்சொல்ல ஒருவரில்லை.

தீனெகே உள்ளே வந்தாள். கையில் கார் சாவி.

"பின்வாசல் வழியா வாங்க, மணியாச்சு."

"எங்கே?"

"பிறந்த நாளுக்கு எவளாவது மணி எழுதுவாளா, அதுவும் பரிசோதனை வண்டி வந்துட்டுப் போன கையோட? எனக்கும் ஒருமுறை அதே கடிதம் வந்துச்சு. தனியாப் போய், தனியாத் திரும்பி வந்து, காலி வீட்டைத் திறந்தேன். அதான் பிறந்த நாள்னு நானே அந்த ஆள் காதுல போட்டேன். நாம திரும்பி வர்ற வரைக்கும் அவர் பேச்சு எப்படியும் முடியாது, ஒருத்தரும் எழுந்திருக்க முடியாது!"