ஸ்டாப்வாட்ச் சார் எம்.எட். முடித்த கதை

திருச்சுழிப் பக்கம் மழை பெய்யும் என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டுக் கேட்டு வந்தவர் மறுபடி வருவார் என்று நம்புகிறவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஆனால் ‘எனக்கு வாசிக்கத் தெரியும்’ என்று எவர் சொன்னாலும் நம்பாத ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, ஸ்டாப்வாட்ச் சார்தான்.

எண்பத்தேழில் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே ஒரு ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். சுற்றிலும் கருவேல முள், நடுவில் ஓட்டுக் கட்டடம், அதற்குள் தலைமையாசிரியர், நான், மூன்றாம் வகுப்பை வைத்திருந்த ஸ்டாப்வாட்ச் சார். அவர் தபால் வழியில் எம்.எட். படித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எப்படி வாசிக்கப் பழகுகிறார்கள் என்பதுதான் ஆய்வு. அதற்காக ஹைஸ்கூல் டிரில் மாஸ்டரிடம் ஒரு ஸ்டாப்வாட்ச்சை இரவல் வாங்கி, கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். டிரில் மாஸ்டர் ரிட்டயர் ஆகும்வரை அது திரும்பிப் போகவில்லை.

ஆய்வு பிள்ளைகளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நூறு வார்த்தை எழுதிய அட்டை ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். கண்டவரிடமெல்லாம் நீட்டுவார். ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டரிடம் நீட்டினார்.

“மொதல்ல டிக்கெட்ட எடுங்க சார்.”

“எடுக்கேன். நீங்க இத ஒரு தடவ வாசிங்க.”

கண்டக்டர் நல்ல மனிதர், வாசித்தார். நடுவில் யாரோ இறங்க வேண்டுமென்று விசில் வேறு அடித்தார். “விசிலுக்கு ரெண்டு செகண்டு கழிச்சிட்டேன்” என்று சார் பெருந்தன்மையாகச் சொன்னபோது, நாங்கள் இறங்க வேண்டிய ஊர் போய் இரண்டு மைல் ஆகியிருந்தது. உச்சி வெயிலில் திரும்பி நடந்து வருகிறோம். அவருக்கு வேறு கவலை.

“அட்டையில ‘வாளப்பளம்’னு எளுதியிருக்கேன். அந்தாளு ‘வாளப்பளம்’னு வாசிக்காரு. கவனிச்சீங்களா?”

எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. என் செருப்பு அறுந்ததை மட்டும் கவனித்தேன்.

மல்லாங்கிணறில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமன், பெரிய பருத்தி வியாபாரி, மைக்கைப் பிடித்து வாழ்த்து மடல் வாசித்தார். வாசித்து முடித்ததும் பந்தலே கை தட்டியது. சத்தம் அடங்கியவுடன் சார் எழுந்து நின்று, “நல்லா வாசிச்சீக. ஒன்பது வார்த்தைய முளுங்கிட்டீக” என்றார்.

தாய்மாமன் மைக்கை விடாமலே கேட்டார். “யாரு இவுக? பொண்ணு வீட்டுக்காரகளா?”

பக்கத்திலிருந்தவர் என்னைப் பார்த்தார். நான், “இல்லங்க, எம்.எட்டு” என்றேன். அன்று எங்கள் இலைக்குப் பாயசம் வரவில்லை.

எங்கள் தலைமையாசிரியரையும் அவர் விடவில்லை. மேலிடத்துச் சுற்றறிக்கையைப் படித்துக் கையெழுத்துப் போட அவர் எடுத்துக்கொண்ட நேரம் மூன்று செகண்டு. “அதுல என்ன போட்டிருக்கு சார்?” என்று இவர் கேட்க, “நம்மள ஒளுங்கா இருக்கச் சொல்லியிருப்பாக, வேற என்ன” என்றார் அவர். ஸ்டாப்வாட்ச் சார் நோட்டில் குறித்துக்கொண்டார்: வேகம் அபாரம், பொருள் உணர்தல் பூஜ்யம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஆய்வில்தான் பாக்கியத்தாயி வந்து சேர்ந்தாள். பள்ளியின் சத்துணவு சமையல்காரி. சமையல் கொட்டகை மூன்றாம் வகுப்பை ஒட்டியே இருந்தது. பெரியவர்களின் வாசிப்பையும் சேர்க்கலாமே என்று சார் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்து, பாடத்தின் பெயரையும் சொல்லி அவள் கையில் கொடுத்தார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். மூச்சு விடவில்லை. முற்றுப்புள்ளியில் நிற்கவில்லை. ஒரு பக்கம் முடிந்தது. கேள்வி கேட்டால் அத்தனைக்கும் சரியான பதில்.

சார் ஸ்டாப்வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்தார், ஓடுகிறதா என்று. பள்ளிக்கூடமே போகாத பெண் கண்டக்டரை, பருத்தி வியாபாரியை, என்னை, எல்லோரையும் மிஞ்சிவிட்டாள். ஆய்வேட்டில் பாக்கியத்தாயிக்கு என்று தனி அத்தியாயமே எழுதினார். அதைப் படித்த வழிகாட்டிப் பேராசிரியர், அந்த அம்மாளை நேரில் பார்க்க வேண்டுமென்று மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

வந்தவர் பாடப் புத்தகத்தைத் தொடவில்லை. கையிலிருந்த அன்றைய பேப்பரை நீட்டினார். பாக்கியத்தாயி வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அடுப்பில் சாதம் பொங்கி வழிந்தது.

“இது நம்ம ஸ்கூலு பாடம் இல்லையே சார்” என்றாள் கடைசியில்.

எல்லாம் காதால் கேட்டுக் கேட்டு மனப்பாடம். ஐந்து வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்தியது அத்தனையும் அவளுக்குள் இருந்தது.

“நீ ஏம்மா எங்கிட்ட சொல்லல?” என்றார் சார்.

“படிக்கத் தெரியும்னு நான் எப்ப சார் சொன்னேன்? பொஸ்தகத்தக் கையில குடுத்து சொல்லச் சொன்னீக. சொன்னேன்.” சொல்லிவிட்டு விறுவிறுவென்று கொட்டகைக்குள் போனவள் அன்று முழுக்க வெளியே வரவில்லை.

பேராசிரியர் நல்லவர். “அந்த ஒரு அத்தியாயத்தை எடுத்துருங்க. மத்ததக் குடுங்க, பட்டம் வந்துரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். சார்தான் நாற்காலியை விட்டு எழவில்லை. சாயங்காலம் என்னிடம் கேட்டார்.

“செவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கே மனப்பாடம்னா, இந்தப் பக்கம் இருந்த பிள்ளைகளுக்கு?”

மறுநாள் தன் வகுப்புக்கு, அவர்கள் கேட்டே இராத வரிகளை எழுதிக் கொடுத்தார். பாடத்தைக் கணீரென்று ஒப்பித்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஊரெல்லாம் அட்டையை நீட்டியவர், தன் வகுப்புக்குப் புது வரி ஒன்றைக்கூட நீட்டியதில்லை. அதை ஆய்வேட்டில் அப்படியே எழுதப்போகிறேன் என்றார். தலைமையாசிரியர் பதறிவிட்டார்.

“இத எளுதிக் குடுத்தா நம்மள என்ன செய்வாக தெரியுமா?”

“ஒளுங்கா இருக்கச் சொல்லுவாக சார்.”

ஆய்வேட்டைத் திரும்ப எழுதியதில் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அந்த வருஷம் தினமும் காலையில் கரும்பலகையில் ஒரு புது வாக்கியம் எழுதினார். யாரும் எங்கும் கேட்டிருக்க முடியாத வாக்கியம். ‘தலைமையாசிரியர் ஆட்டுக்கு மீசை வரைந்தார்.’ ‘தலைமையாசிரியரின் சைக்கிளை ஆடு ஓட்டியது.’ என்ன அக்கிரமம் எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே பிள்ளைகள் எழுத்துக் கூட்டினார்கள். தலைமையாசிரியரும் கடமை தவறாமல் தினமும் வந்து, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை நிதானமாகப் படித்துவிட்டுப் போனார். ஒருநாளும் அழிக்கச் சொல்லவில்லை.

பாக்கியத்தாயி முதலில் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். யாராவது படித்துச் சொல்வார்கள். பிறகு அவளே கரண்டியோடு வாசலில் நின்று எழுத்து எழுத்தாகப் பார்க்க ஆரம்பித்தாள். சார் கண்டும் காணாததுபோல் ஒவ்வோர் எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக எழுதினார். கோடை விடுமுறைக்கு முன்னால் ஒருநாள், விரலால் காற்றில் கோடு போட்டபடி அவள் தனியாகக் கூட்டினாள். “பா... பாக்கி... பாக்கியத்தாயி... சாம்பாரில்... உப்பு... இல்லை.”

அவள் கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு எங்கள் மூன்று பேர் பக்கமும் திரும்பினாள்.

“யாரு சொன்னது உப்பு இல்லன்னு?”

அன்று சாருக்குச் சாம்பாரில் இரண்டு கை உப்பு கூடுதலாகவே விழுந்தது. சொட்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அடுத்த வருஷம் எம்.எட். பாஸானார். தொண்ணூற்று மூன்றில் ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்த வேறு ஜில்லாவுக்கு அழைத்துக்கொண்டார்கள். பந்தல்குடியில் நின்று அவரைத் தூத்துக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஆறு வருஷமாக அவரைக் கேலி செய்வதே எனக்கு வேலையாக இருந்தது. இன்னும் ஒரு ஆறு வருஷம் அந்த வேலையைப் பார்த்திருக்கலாம்.