ரெண்டு கை உப்பு

இருபது வருஷம் ஒரு வேலையைச் செய்தவளிடம் அந்த வேலையின் பெயரைச் சொல்லிவிட்டு வெளியே போகக் கூடாது. போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆம்பூரில் நானே சாட்சி, நானே குற்றவாளி.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள். நான் பேசுவதைப் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றிவிடுகிறாள். அடைப்புக்குள் வருவதை மட்டும் என் வாயில் வந்தபடியே எழுத வேண்டும் என்று ஒப்பந்தம். (எழுதுறாளா இல்லியான்னு எனக்கு எங்க தெரியப் போவுது.)

நான் செய்த வேலை, தோல் மண்டியில் உப்பு போடுவது. ஆட்டுத் தோல் பச்சையாக வந்து இறங்கும். ரோமம் கீழே, சதை மேலே வரும்படி விரித்து, கையை லேசாக நனைத்துக்கொண்டு, கல் உப்பை அள்ளித் தேய்க்க வேண்டும். தேய்க்காவிட்டால் அழுகிவிடும். முதலாளியிலிருந்து லோடு இறக்குபவர் வரை எல்லாரும் அதை 'க்யூரிங்' என்றுதான் சொல்வார்கள். எனக்கு முழுசாகப் புரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை அதுதான். எதிரே நின்று என்னோடு உப்பு போட்டவள் நூர்ஜகான். வேலை முடிந்து நாங்கள் இருவரும் பஸ் ஏறினால், எங்கள் வாசனைக்கே ரெண்டு சீட்டு காலியாகும். அந்த மரியாதை கலெக்டருக்குக்கூடக் கிடைத்திருக்காது.

அந்த நூருக்குத்தான் சர்க்கரை வந்து, இடது காலில் ரெண்டு விரலை எடுத்துவிட்டார்கள். உள்ளங்காலில் ஒரு புண். ஆறும், திறக்கும், மறுபடி ஆறும். வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர், புண் இருக்கிற இடத்தில் மெத்தென்றும் மற்ற இடத்தில் கெட்டியாகவும் அடிப்பாகம் இருக்கிற செருப்பு வேண்டும், அது வரும்வரை நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். நூரின் பேத்திக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். மண்டபத்துக்குள் தன் காலாலேயே நடந்து போக வேண்டும் என்பது அவள் ஆசை. வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

அந்தச் செருப்பைச் செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டவள் என் மருமகள் சுமதி. அவள் ஷூ சோல் செய்கிற ஃபேக்டரியில் கெமிக்கல் பார்க்கிறவள். வீட்டிலும் சொந்தமாக ஒரு மெஷின் வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் ஏசி இருப்பது ஒரே அறையில். அதில் மனுஷர்கள் யாரும் தூங்குவதில்லை, மெஷின்தான் இருக்கிறது. ரெண்டு டின்னில் ரெண்டு மருந்து. ரெண்டும் மெஷினின் மூக்கில் கலந்து, ஜாங்கிரி பிழிவதுபோல வரி மேல் வரியாகச் சோலைப் பிழியும். கீழ் வரி சீக்கிரம் இறுகிவிட்டால் மேல் வரி அதோடு ஒட்டாது. மெதுவாக இறுகினால் மேல் வரியின் கனம் தாங்காமல் அடை மாதிரி பரவிவிடும். அந்த நடுப் பதத்தைப் பிடிக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சீக்கிரம் இறுகுவதற்காகச் சேர்க்கிற சொட்டு மருந்தைக் கூட்டுவாள், குறைப்பாள். ஏசியைக் கூட்டுவாள், குறைப்பாள். நான் வாசற்படியில் நின்று அதிரசப் பாகு பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். (காதுலயே போட்டுக்கல.)

வெள்ளிக்கிழமை மதியம், நூரின் காலுக்கு ஏற்ற சோல் ஒருவழியாக வந்தது. அத்தோடு டின்னும் காலி. அடுத்த டின் சென்னையிலிருந்து திங்கட்கிழமைதான் வரும். சுமதி சோலைத் தட்டில் வைத்து, லேசாகச் சூடு காட்டுகிற கண்ணாடிப் பெட்டிக்குள் தள்ளினாள்.

"அத்தே, இது க்யூர் ஆவுது. சாய்ங்காலம் வரைக்கும் ஆவணும். கொஞ்சம் பாத்துக்குங்க, நான் செருப்போட மேல்வார் தைக்கக் குடுத்தத வாங்கினு வந்துடறேன்."

'பாத்துக்குங்க' என்றாள். 'தொடாதீங்க' என்று சொல்லவில்லை. இதுதான் இன்றுவரை என் தரப்பு வாதம்.

அவள் போனதும் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். சோலைச் சுற்றிலும் குட்டிக் குட்டிப் பொட்டலங்கள். ஷூ டப்பாவுக்குள் போட்டுக் கொடுப்பார்களே, அதேதான். உள்ளே வெள்ளையாகக் குருணை. மேலே ஏதோ எழுதியிருந்தது. எழுத்து எனக்குத் தெரியாது, உப்பு தெரியும். பாவம், படித்த பெண். உப்பைப் பொட்டலத்திலிருந்து பிரிக்காமலேயே சுற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், அதுவும் எத்தனை கம்மி! இப்படியே விட்டால் சாயங்காலத்துக்குள் அழுகிவிடும், நூர் நடக்க முடியாமல் போய்விடும் என்று எழுந்தேன்.

அடுப்படியிலிருந்து கல் உப்பு ஜாடியை எடுத்து வந்தேன். எது ரோமப் பக்கம், எது சதைப் பக்கம் என்று சோலைப் புரட்டிப் பார்த்தேன். அதற்கு ரெண்டுமே இல்லை. அதையும் பெரிதுபடுத்தவில்லை. கையை நனைத்துக்கொண்டு, ரெண்டு கை உப்பு, ஓரம் விடாமல் அழுத்தித் தேய்த்தேன். வேலையை விட்டு இத்தனை வருஷம் கழித்தும் கை மறக்கவில்லையே என்று எனக்கே பெருமை. திரும்பப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் சோல் ஆப்பம் மாதிரிக் கொப்பளிக்க ஆரம்பித்தது. நான் பயப்படவில்லை. உப்பு போட்டால் தோலும்தான் தண்ணீர் விடும். வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

சுமதி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். முதலில் சோலைத் தொடவில்லை, என் கையைத்தான் பிடித்தாள்.

"மருந்து கைல பட்டுச்சா? காட்டுங்க."

குழாயடிக்கு இழுத்துப்போய் சோப்பு போட்டு, விரல் விரலாகக் கழுவினாள். மூச்சு வாங்குகிறதா, கண் எரிகிறதா என்று கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"இன்னாத்த அத்தே போட்டீங்க?"

"உப்பு."

"எதுக்கு?"

"நீதானம்மா க்யூரிங்குன்ன."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த மருந்து இறுகி முடிகிற வரைக்கும் ஈரமே ஆகாதாம். ஈரம் பட்டால் உள்ளே காற்று கிளம்பி நுரைத்துவிடுமாம். "அந்தப் பொட்டலம் ஈரத்த குடிக்கறதுக்கு வெச்சது அத்தே. உப்பு இல்ல," என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசிச் சமாளித்திருப்பேன். சென்னைக்குப் போன் போட்டாள், ஃபேக்டரிக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமைதான் என்றார்கள்.

நூரிடம் நானே போய்ச் சொன்னேன். கொப்பளித்த சோலை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு போனேன். அவள் அதை வாங்கி, மோந்து பார்த்து, நகத்தால் ஒரு உப்புக்கல்லைப் பெயர்த்தாள்.

"எவ்ளோ போட்ட?"

"ரெண்டு கை."

"கம்மி," என்றாள். "மண்டில மூணு கை போடுவோம்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா, நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் சக்கர நாற்காலியில்தான் போனாள். வேறு யாரும் தொடக் கூடாது என்று நானே தள்ளினேன். மண்டப வாசலில் நிறுத்தச் சொன்னாள். அங்கிருந்து பேத்தி உட்கார்ந்திருந்த இடம் பத்துப் பன்னிரண்டு எட்டுதான் இருக்கும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பன்னிரண்டு எட்டைத்தான் நான் உப்பு போட்டுத் தின்றுவிட்டேன். பிறகு, "சரி, தள்ளு முனிம்மா," என்றாள்.

திங்கட்கிழமை டின் வந்தது. அந்த வாரமே வேறு சோல் பிழிந்து, நூர் நடந்தாள், இப்போதும் நடக்கிறாள். சுமதி மெஷின் அறைக் கதவில், எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால், உப்பு ஜாடி படம் வரைந்து சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் யாருக்கு பிபி என்று கேட்கிறார்கள். (ஒவ்வொருத்தருக்கும் முதல்லேர்ந்து சொல்லணும். என் பேத்திக்கு அதுல ரொம்ப குஷி.)

போன மாதம் நூருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"நல்லா க்யூர் ஆயிட்டு வருதும்மா."

நூர் சட்டென்று காலை இழுத்துக்கொண்டு, என் ரெண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரே, அந்த வார்த்தைய இவ எதிர்ல சொல்லாதீங்க."