ஃபைலு அண்ணனின் ஒன்பது வருட கேப்

ஜி.எஸ்.டி. ரோட்டில் உள்ள அத்தனை கம்பெனி கேட்டிலும் தெரிந்த முகம் ஒன்று உண்டென்றால், அது எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்காத ஃபைலு அண்ணனின் முகம்தான். கூடுவாஞ்சேரியில் நான் தங்கியிருந்த அறையில் பக்கத்துப் பாய் அவருடையது. நீல பிளாஸ்டிக் ஃபைல் இல்லாமல் டீ குடிக்கக்கூடப் போகமாட்டார், பெயரே அதுவாகிவிட்டது.

அவர் டிப்ளமோ முடித்த வருடம் தொழில் படுத்திருந்தது. "அனுபவம் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு தொழில் எழுந்தது. கம்பெனிகள் பஸ் விட்டு ஆள் அள்ளின. இவரிடம் மட்டும், "இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்கள். "காத்துகினு இருந்தேன் சார்" என்றாராம். மறுபடி படுத்தது, மறுபடி எழுந்தது. அண்ணன் அசையவில்லை. சும்மா இருந்த கணக்கு, இன்டர்வியூ பாஷையில் 'கேப்', ஒன்பது வருடம்.

எனக்கு அவர்மேல் பொறாமை என்றால் நம்புவீர்களா? செய்யூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒரு வருடம் வேலை இல்லாததற்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மெஸ்ஸில் இரண்டாவது ஆம்லெட் கேட்பார். என்னை "அப்புறம் வா" என்று விரட்டும் செக்யூரிட்டி, அவருக்கு நாற்காலி போடுவார்!

ஒருநாள் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒரே ஒரு இடம். கடைசியில் மிஞ்சியது நானும் அவரும்.

"இன்னா நைனா, மூஞ்சி பேஜாரா கீது?"

"இருக்கறது ஒரே எடம்ணா. நீங்களும் வந்துட்டீங்க."

"அதுக்கு? நான் ரூம்லயே குந்திகினு இருக்கணுமா? சட்டைய உள்ள வுடுடா மொதல்ல."

அவர் முதலில் உள்ளே போனார். அதிகாரியின் சிரிப்பு கதவைத் தாண்டி வந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். இதுவும் போனால் எனக்கு இரண்டாவது வருடம் தொடங்கிவிடும். அவருக்கு விக்கல் வந்து பேச்சே நின்றுவிட வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. அறையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவர் முன்னால் இரண்டு முறை நடந்தேன்.

"பார்த்தீங்களாண்ணா?"

"பாத்தேன், பாத்தேன். ஸ்வீட்டு எங்கடா?"

சேர்ந்து மூன்று மாதம் கழித்து அந்த அதிகாரிதான் சொன்னார்:

"உங்க அண்ணன் அன்னைக்கு என்ன சொன்னார் தெரியுமா? 'அவனுக்கு கேப் ஒரு வருஷம்தான் சார், இப்பவே எடுத்துக்கங்க. என்னை மாதிரி ஆயிட்டான்னா அப்பறம் எவனும் எடுக்கமாட்டான்'னார்."

எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கப் போவதாகக் காதில் விழுந்தால் போதும். நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்பே அவருக்குப் போன் போட்டுவிடுகிறேன்.