மெத்தை மகான்

ஒன்பதாம் மாடி வராந்தாவில் காலை எட்டு மணிக்கே கூட்டம் முண்டியடித்தது. வந்தவர்கள் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை, கம்பெனி முதலாளிகள். கழுத்தில் டை, கையில் மூட்டை, மூட்டைக்குள் நாற்காலி மெத்தைகள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஊழியர்கள் உட்காரும் மெத்தைகள்! அவற்றின் மேல் மெத்தை மகான் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினால் போதும், அந்த ஆள் தினமும் எத்தனை மணி நேரம் ஒழுங்காக உழைத்தார் என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவாராம்.

அன்று மகானுக்குத் தன் அறையையே ஒழித்துக் கொடுத்திருந்தவர், இயந்திரங்களுக்குக் கையேடு எழுதித் தரும் கம்பெனியின் முதலாளி. அவரிடம் பிழை திருத்தும் வேலை பார்க்கும் பெண் அந்த அறைக்குள் பையோடு நின்றாள். போன வாரம் அவள் மெத்தையைத் தொட்ட மகான், "மூணே மணி நேரம்!" என்று சொல்லிவிட்டார். இனி தினமும் அலுவலகம் வர வேண்டும், இல்லையேல் வேலை இல்லை என்று உத்தரவு. வீட்டில் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில். தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட வேறு ஆள் கிடையாது. கெஞ்சிக் கூத்தாடி, இன்னொரு தரம் பார்க்கச் சொல்லி அனுமதி வாங்கியிருந்தாள்.

பிழை கண்டுபிடிப்பது அவள் தொழில். அதனால் அன்று சீக்கிரமே வந்திருந்தாள். மகானை வரவேற்க முதலாளி கீழே ஓடியிருந்த நேரம் பார்த்து, அவருடைய நாற்காலி மெத்தையை உருவித் தன் பைக்குள் போட்டாள். பையில் தன் பெயர்ச்சீட்டை ஒட்டினாள். அவளுடைய மெத்தை வீட்டில் சுகமாக இருந்தது.

மகானோடு திரும்பி வந்த முதலாளி தன் நாற்காலியைக் கவனிக்கவே இல்லை. மகான் இருக்கும் அறையில் உட்காருவது மரியாதையில்லையாம், கைகட்டி நின்றார். பக்கத்தில் மேலாளர். வெளிச்சம் பட்டால், உட்கார்ந்தவர் மெத்தையில் விட்டுப்போன அதிர்வு கலைந்துவிடுமாம்; அதனால் மெத்தையை வெளியே எடுக்கக் கூடாது. மகான் பெயர்ச்சீட்டைப் படித்தார், மேலாளரை ஒரு பார்வை பார்த்தார், பைக்குள் கையை விட்டார். உடம்பு உதறியது.

"போன வாரத்தைவிட மோசம்! ரெண்டு மணி நேரம்கூட இல்ல. மிச்ச நேரமெல்லாம் தூக்கம், ஊர்வம்பு. இந்த ஆளை நம்பினா கம்பெனி உருப்படாது!"

"பாத்தியாம்மா?" என்றார் முதலாளி.

"நல்லா பாத்தேன் சார். இப்ப நீங்க பாருங்க." அவள் மெத்தையை வெளியே எடுத்தாள். "இந்த ஓரத்துல இருக்கிற மைக்கறை, உங்க பேனா ஒழுகினதுதானே?"

முதலாளி மெத்தையைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். வெறும் பலகை பல்லிளித்தது.

"ரெண்டு பேரோட அதிர்வும் ஒண்ணாக் கலந்துபோச்சு" என்றார் மகான், எழுந்தபடியே.

"பரவாயில்ல ஐயா. வெளியில அத்தனை மூட்டை இருக்கு. பேர்ச்சீட்டைக் கிழிச்சுட்டு, எது யாரோடதுன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

மகானுக்குத் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது. மேலாளருக்கு இருமல் வந்தது. முதலாளி ஒரு அதட்டல் போட்டதும், மேலாளர் தன்னைக் கேள்வி கேட்கிற ஊழியர்களின் பெயர்களை மகானுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்ததை இருமலோடு இருமலாகக் கக்கினார்.

முதலாளி பலகையில் பொத்தென்று உட்கார்ந்தார். "அப்ப வீட்ல இருக்கிறவங்க வேலை செய்யறாங்களான்னு எப்படித்தான்மா தெரிஞ்சுக்கிறது?"

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "செஞ்ச வேலையைப் பாத்து சார்! தினம் சாயங்காலம் அனுப்பறேன். நாலு மாசமா ஒண்ணைக்கூட நீங்க திறக்கல. என் மெத்தையை மட்டும் ஆள் வெச்சுத் தடவிப் பாத்திருக்கீங்க!"

முதலாளி கம்ப்யூட்டரைத் திறந்தார். திறக்காத கோப்புகள் வரிசைகட்டி நின்றன. ஒன்றைப் படித்தார், இன்னொன்றைப் படித்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "நீ வீட்டுக்குப் போம்மா, அம்மா காத்திருப்பாங்க. வேலையை அங்கிருந்தே பாரு" என்றார்.

அவள் வராந்தாவைக் கடக்கும்போது, நடந்ததெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு முதலாளி மூட்டையை அணைத்தபடி ஓடிவந்தார். "ஏம்மா, இவரு சரியில்ல. வேற நல்ல மகான் யாராவது தெரியுமா?"

"தெரியும் சார். உங்க கழுத்துக்கு மேலதான் இருக்காரு. மூட்டையைக் கீழ வெச்சுட்டுக் கொஞ்சம் கேட்டுப் பாருங்க."