உதட்டுக் கொப்புளமும் அரக்குச் சாயமும்

ஆரணியில் உதட்டுக் கொப்புளத்தால் அவதிப்பட்டவர்களைவிட, அதற்குக் கைமருந்து அண்ணன் செய்த வைத்தியத்தால் அவதிப்பட்டவர்கள்தான் அதிகம். நான் இரண்டிலும் சேர்த்தி.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் பட்டுக்கடையில் யாருக்கும் தெரியாது. கடைக்குப் பின்னால் பட்டுநூலுக்குச் சாயம் தோய்ப்பவர். யாராவது தும்மினால் போதும், கையில் எதையாவது அரைத்துக்கொண்டு வந்து நிற்பார். வேண்டாம் என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் காதில் போட்டுக்கொண்டால்தானே!

நான் அங்கே புடவை எடுத்துக் காட்டுகிறவள். போன தீபாவளிக்கு முன்னால் யூடியூப் லைவில் புடவை விற்கலாம் என்று முதலாளி முடிவு செய்தார். பேசப்போவது நான்.

"நல்லா ஓடுச்சின்னா இனிமே நீயே பேசு. இல்லாங்காட்டி மெட்ராஸ்லேந்து ஒரு பொண்ண இட்டாந்துடுவேன்," என்றார்.

எட்டு வருடமாகப் புடவையை உதறி மடித்துத் தோள் கழன்றவள் நான். லைவில் உட்கார்ந்து பேசும் அந்த நாற்காலி எனக்குக் கண்டிப்பாக வேண்டியிருந்தது.

லைவுக்கு மூன்று நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்து போனது. போகிற போக்கில் மேலுதட்டு ஓரத்தில் கொத்தாக நான்கு கொப்புளங்களை வைத்துவிட்டுப் போனது.

"இன்னாம்மா, பல்லி எச்சம் பட்டுச்சா?" என்று வந்துவிட்டார் அண்ணன்.

"காய்ச்சக் கொப்புளம்ண்ணா. டாக்டர் களிம்பு குடுத்துக்கிறாரு."

"களிம்ப தூக்கிப் போடு. ரெண்டே நாள்ல காய வெக்கிறேன் பாரு!"

முதல் நாள் பூண்டை நசுக்கி வைத்தார். எரிச்சலில் எனக்குக் கண்ணீர் கொட்டியது. விலை கேட்ட அம்மா ஒருவர், பேரத்துக்குத்தான் அழுகிறேன் என்று பயந்து சொன்ன விலைக்கே வாங்கிப் போனார். இரண்டாம் நாள் தேன். ஈ ஓட்டியே கை ஓய்ந்தது. மூன்றாம் நாள் கற்றாழை. கசப்பில் சோறு இறங்கவில்லை. கொப்புளம் மட்டும் சௌக்கியமாக இருந்தது.

லைவ் அன்று காலையில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். "இது அக்கிம்மா. எழுதினாத்தான் போவும்."

அக்கி வந்தால் காவியைக் குழைத்து அதன்மேல் சிங்கம் எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கென்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இவர் தானே எழுதக் கிளம்பினார். எனக்கும் புத்தி எங்கே போயிற்றோ, முகத்தைக் காட்டினேன். மூக்குக்குக் கீழிருந்து முகவாய்வரை எழுதினார்.

அரைமணி கழித்துக் கழுவினேன். காவி போனது. அரக்கு நிறம் போகவில்லை. மனுஷன் காவியைக் குழைத்தது சாயக் கிண்ணத்தில். அடியில் அரக்குச் சாயம் ஒட்டியிருந்ததை அவர் பார்க்கவே இல்லை!

"எப்பிடிண்ணா இத எடுக்கறது?"

"நான் போட்ட சாயம் போவாதும்மா." அந்த நேரத்திலும் குரலில் பெருமை. அவரையே தொட்டியில் முக்கி எடுத்திருப்பேன்.

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். "இத்த வெச்சிகினு எப்பிடிம்மா பேசுவ? பேஜாராப் போச்சு. நான் மெட்ராசுக்கே போன் போடறேன்."

நான் ஓவென்று அழுதேன். திரும்பிப் பார்த்தால் அண்ணனைக் காணோம். நழுவிவிட்டார் என்று பல்லைக் கடித்தேன்.

ஐந்து நிமிடத்தில் வந்தார். அவருடைய வாய், மீசை, முகவாய் எல்லாம் அதே அரக்கு. நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஜல்தியா ஆரம்பிங்க முதலாளி," என்றார்.

லைவ் ஓடத் தொடங்கியதும் அவரே முந்திக்கொண்டார். "வணக்கம்ங்க. இந்தக் கடைக்குச் சாயம் போடறவன் நான்தான். சாயம் போவாதுன்னு வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. அதான் நானும் எங்க பொண்ணும் மூஞ்சிலயே போட்டுகினு வந்துக்கிறோம்." ஈரத்துணியால் தன் வாயை அழுத்தித் தேய்த்துக் காட்டினார். சாயம் அசையவில்லை. கேமரா முன்னால் நின்றே அறியாத மனுஷன், முதல் புடவையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அன்றைக்கு வைத்திருந்த புடவை அத்தனையும் விற்றது. நாற்காலி எனக்கே கிடைத்தது.

கொப்புளம் ஒரு வாரத்தில் தானாகக் காய்ந்தது. தான் எழுதியதால்தான் காய்ந்தது என்று இன்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். யாராவது வந்து நிஜமா என்று என்னைக் கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். அவரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வருவதில்லை.