லோம்பொங் ஃபங்க் கலைந்துவிட்டது, மச்சான்

புந்தோங், ஈப்போ.

மதிப்புக்குரிய மச்சான் மகேந்திரன் அவர்களுக்குச் சீனி எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம். சித்தியவானில் நீங்களும் என் தங்கை புஷ்பலதாவும் கல்யாணப் பெண் ஷர்மினியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். வாட்சப்பில் என்னை ப்ளாக் செய்துவிட்டீர்கள், அதனால்தான் தபால்தலை.

ஷர்மினிக்கு மாமன் சீர்த்தட்டைத் தங்கையின் ஒன்றுவிட்ட அண்ணன் தூக்கட்டும் என்று சொன்னீர்களாமே? கூடப்பிறந்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதா? அவள் பிறந்த அன்றைக்கே முடிவானது மச்சான், அந்தத் தட்டு என் கையில்தான் என்று.

எல்லாம் என் மகன் பவித்ரனின் பாட்டு பேண்டால் வந்த வினை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது லேசுப்பட்ட பேண்டா? பழைய ஈயச் சுரங்க லோம்பொங் பக்கம் கொட்டகை போட்டு வாசித்துப் பழகியதால் லோம்பொங் ஃபங்க் என்று பேர். ஃபங்க் என்றால் பாட்டு கொஞ்சம், பாஸ் கிட்டார் நிறைய. உட்கார்ந்திருப்பவனுக்கும் தோள் தானாகக் குலுங்கும். முதல் கல்யாண டின்னரிலேயே பிரியாணி வரிசையை விட்டு ஜனம் மேடைக்கு ஓடி வந்தது. அப்புறம் பேராக் மாநிலத்தில் எந்தப் பேண்டைப் பார்த்தாலும் நம் பையன்கள் மாதிரி ஊதாச் சட்டை, நம் பையன்கள் மாதிரியே டும்-டக்-டும். வேன் ஓட்டிய எனக்கே ரெண்டு பேர் செல்ஃபி கேட்டார்கள்லா!

அப்புறம்தான் சுங்கை சிப்புட் கல்யாணம். தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தால் கெமாப் பந்தல் போட்டிருக்கு, பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணி போத்தல், ஜனக்கூட்டம், இதுதான் கல்யாண வீடு என்று நான்தான் வேனை நிறுத்தினேன், நம்ம ஊரில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே கெமா, ஒரே நாற்காலி, யாருக்குத் தெரியும், பையன்கள் மடமடவென்று ஸ்பீக்கரை இறக்கி டும் என்று ஆரம்பித்துவிட்டார்கள், உள்ளேயிருந்து ஒப்பாரி வருது மச்சான்! கல்யாணம் அடுத்த ரோட்டிலாம். நான் நிறுத்தச் சொல்லி ஓடினால், செத்தவரின் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்தாதீங்கண்ணே, அண்ணனுக்கு ஆட்டம்னா உசுரு, இப்படியே கொண்டு போலாம்" என்று அழுகிறார். எப்படி முடியாது என்பது? அங்கே வந்திருந்த உறுமி மேளமும் சேர்ந்துகொண்டது. சுடுகாடு வரைக்கும் ஆடினார்கள். நானும் அழுதுகொண்டே ஆடினேன்.

யாரோ அதை எடுத்த வீடியோ ஊரெல்லாம் போனது, கல்யாணமெல்லாம் கேன்சல். "சாவுல வாசிச்ச கை எங்க கெமாவுல வேணாம்லா" என்றார்கள். நீங்களும் அதற்குத்தானே என்னை ஒதுக்கினீர்கள். இப்போது உறுமிக் குழுக்கள்கூட பாஸ் கிட்டார் வைத்திருக்கின்றன. நம் பையன்களைத்தான் ஒருவரும் கூப்பிடுவதில்லை.

ஆகவே பேண்டைக் கலைத்துவிட்டேன். டிரம்ஸ் அடித்த ராட்னி சர்ச்சுக்கு வாசிக்கப் போய்விட்டான். பவித்ரன் கிட்டாரை அலமாரி மேலே போட்டுவிட்டு என்னோடு பேசுவதே இல்லை. முனீஸ்வரர் மேல் ஆணை, கல்யாண வாசலில் ஒரு டும்கூடக் கேட்காது. வெள்ளை வேட்டியில் அமைதியாக வருவேன், தட்டைத் தூக்குவேன், சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவேன். அதை மட்டும் என்னிடமிருந்து பிடுங்காதீர்கள், மச்சான்.

ஷர்மினி பதினாறும் பெற்று வாழட்டும். உங்கள் இனிப்பு நீர் நோயும் கோபமும் சேர்ந்தே குறையட்டும்.

இப்படிக்கு,
தாய்மாமன் சீனி

பி.கு.: உறையை ஒட்டும்போது ஆயர் தாவாரிலிருந்து உங்கள் சம்பந்தி ஃபோன் செய்தார். "அந்த வீடியோ பேண்ட் உங்க பையனோடதாமே? அவங்க வாசிச்சாத்தான் கல்யாணக் காடியை விட்டு எறங்குவேன்னு எங்க பையன் ஒத்தக்கால்ல நிக்கிறான்" என்கிறார். மாப்பிள்ளை வீட்டுக்கு இல்லையென்று சொல்ல உங்களுக்கு வாய் இருக்கிறதா? பவித்ரன் என்னை அப்பா என்று கூப்பிட்டுவிட்டான். மாமன் சீரும் ஸ்பீக்கரும் ஒரே வேனில் வருகின்றன. வாசலில் இடம் விட்டு வையுங்கள்.