ஜன்னலை மறைத்த கன்டெய்னர்

"எடித்தா! அடியே எடித்தா! கதவு திறக்க மாட்டேங்குது!"

கன்டெய்னருக்குள்ளிருந்து நோல்பெர்தோ கத்தினான். கத்தியது போதாதென்று சுத்தியலால் சுவரையும் அடித்தான். இரும்புப் பெட்டிக்குள் சுத்தியலால் அடித்தால் முதலில் செவிடாகிறவன் உள்ளே இருப்பவன்தான் என்பது கொஞ்ச நேரம் கழித்தே அவனுக்குப் புரிந்தது.

எடித்தா சமையலறையில் உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். அங்கிருந்த ஜன்னலில் எப்போதும் கடல் தெரியும். இன்று காலையிலிருந்து துருப்பிடித்த நீல இரும்பு தெரிந்தது. துருவி முடித்து, பிழிந்து, கையைக் கழுவித் துடைத்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள்.

"உள்ள என்ன பண்ற?"

"கதவு சரியா சாத்துதான்னு பாத்தேன். நல்லா சாத்துது. திறக்கத்தான் மாட்டேங்குது."

"அப்ப பாதி நல்ல கதவுதான்," என்றாள் அவள்.

கன்டெய்னரை விறகுக் கொட்டகைக்குப் பின்னால் இறக்கி வைப்பதாகத்தான் லாரிக்காரனோடு பேச்சு. தோட்டத்துக்குள் நுழைந்ததுமே சக்கரம் சேற்றில் இறங்கியது. "அண்ணே, லாரியும் பெட்டியும் சேந்து புதையணுமா, இல்ல பெட்டி மட்டும் போதுமா?" என்று கேட்டான். பதில் வருவதற்குள் பெட்டியை அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். இறங்கிய இடம் உருளைக்கிழங்குப் பாத்தி. சமையலறை ஜன்னலிலிருந்து நாலு எட்டுதான். ஈர மண்ணில் ஒரு மூலை அமுங்கியது. சட்டம் கோணியது. கதவு இறுகியது.

அடுத்த மேட்டிலிருந்து ரோசாமெல் கடப்பாரையோடு வந்தான். அவனிடம் ஊரிலேயே நல்ல எருதுகள் இருந்தன. அந்த ஊரில் மரவீட்டை அப்படியே இழுத்துத்தான் இடம் மாற்றுவார்கள்; யார் வீட்டை மாற்றினாலும் அவன் ஜோடிதான் முன்னால் போகும்.

"மச்சான், உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்ப அவசரமில்ல," என்று ரோசாமெல் முதலில் ஒரு சிகரெட் பற்றவைத்தான்.

நோல்பெர்தோ சால்மன் மீன் ஆலையில் இரவு ஷிப்ட் பார்த்தவன். ஒரு விடிகாலையில் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவன் திரும்பப் போகவில்லை. தச்சு வேலை செய்யப் போவதாகச் சொன்னான். சாப்பாட்டு மேசை பட்டறை ஆனது. தலையணையில் மரத்தூள், சூப்பில் மரத்தூள், எடித்தாவின் இருமலிலும் மரத்தூள். வீடு அவளுடையது, அவள் அப்பா கொடுத்தது. நோல்பெர்தோவுக்குச் சொந்தமென்று கீழே கரையோரம் அவன் அப்பா விட்டுப்போன நிலம் ஒன்று இருந்தது. அங்கே முள்புதரும் காற்றும்தான் குடியிருந்தன.

ஒரு நாள் எடித்தா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு அந்த ரம்பம் இந்த வீட்டை விட்டுப் போகணும். இல்லேன்னா..."

அதோடு நிறுத்திக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எந்தப் பேச்சையும் பாதியில் விட்டதில்லை. சொல்லாமல் விட்ட அந்த மிச்சத்தைக் கேட்க நோல்பெர்தோ துணியவில்லை. மறு வாரமே, மூடிப்போன ஒரு மீன்பண்ணை கழித்துக் கட்டிய இந்தக் கன்டெய்னரை வாங்கிவிட்டான்.

கதவைத் திறந்து ரோசாமெல் அவனை வெளியே எடுத்தபோது அவன் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"பக்கவாட்டுல ஒரு வாசல் வெட்டிட்டா போதும்," என்றான்.

வெட்டினான். பெட்டியின் பலமே அந்த மடிப்புத் தகட்டில்தான் இருந்தது என்பது வெட்டி முடித்ததும் தெரிந்தது. கூரை நடுவில் தொங்கியது. சிலோயே தீவில் மழை விட்டுவிட்டுப் பெய்வதில்லை. கூரைமேல் குட்டை நின்றது, வாத்து வந்து இறங்கியது.

"வாத்தையும் வளக்கப் போறியா?" என்று எடித்தா கேட்டாள்.

கூரைக்கு மேல் ஒரு தகரக் கூரை போட்டான். அடுத்த வடக்குக் காற்று அந்தத் தகரத்தைப் பிடுங்கிக் கோழிக்கூண்டின்மேல் வைத்தது. இரண்டு கோழிகள் அன்றைக்கே குழம்பாயின. சாப்பிடும்போது எடித்தா ஒன்றும் சொல்லவில்லை. நோல்பெர்தோ அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டான்.

உள்ளே முட்டுக்கட்டை கொடுத்துக் கூரையை நிமிர்த்தினான். சுவரெல்லாம் பலகை அடித்து, இடையில் ஆட்டு ரோமம் திணித்தான். இப்போது வெளியே பெய்வது நின்ற பிறகும் உள்ளே சொட்டியது. அவன் மூச்சே இரும்பில் பட்டு நீராகித் திரும்பி அவன் தலையில் விழுந்தது. உளிகள் துருப்பிடித்தன. மரத்தூள் கூழானது.

"ஒரு அடுப்பு வெச்சா காஞ்சிடும்," என்றான்.

"வெச்சுக்கோ," என்றாள் எடித்தா. "நல்ல அடுப்பா வெச்சுக்கோ. கெட்டில் வைக்க மேல எடம் இருக்கணும்."

கத்துவாள் என்று எதிர்பார்த்து வந்தவன் திகைத்து நின்றான். விறகடுப்பு வைத்தான். பெட்டி காய்ந்தது. காய்ந்ததும் அதன் பழைய வாழ்க்கை வெளியே வந்தது. அந்தப் பெட்டியில் வருடக்கணக்காக மீன் தீவனம் இருந்திருக்கிறது. சூடு பட்டதும் பலகைக்கு அடியிலிருந்து ஒரு நாற்றம் எழுந்து மேடு மேடாகப் பரவியது. ஊர் நாய்கள் எல்லாம் வந்து சுற்றி உட்கார்ந்தன. கடல்காக்கைகள் கூரைமேல் வரிசை கட்டின. நோல்பெர்தோ மாதா கோவிலுக்குப் போனால் அவன் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை.

"இந்த நாத்தம் போற வரைக்கும் நீ அங்கயே படுத்துக்கோ," என்றாள் எடித்தா.

"அங்க கட்டில் இல்லயே."

"நீதான தச்சன்."

கட்டில் செய்தான். சாய்ந்திருந்தது, ஆனாலும் தூங்க முடிந்தது. மறுநாள் எடித்தா கம்பளி கொண்டுவந்தாள். அதற்கடுத்த நாள் அவன் துணிகள். "வீட்ல ஈரம். உன் அடுப்புகிட்ட நல்லா காயும்." பிறகு அவன் மாத்தே இலைத் தேநீர் குடிக்கும் சுரைக்குடுவையும் உறிஞ்சு குழலும் வந்தன. பிறகு அவன் அப்பாவின் படம். அதைத் தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டினாள்.

நோல்பெர்தோ இதை ரோசாமெலிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அவ மாறிட்டா மச்சான். ஒவ்வொண்ணா எடுத்துட்டு வந்து வெக்கிறா. முன்ன மாதிரி கத்துறதே இல்ல."

"கத்துறதே இல்லையா?"

"ஒரு வார்த்தை இல்ல."

"அய்யோ," என்ற ரோசாமெல், சரியாகத்தான் இருந்த எருதின் கொம்புக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தான்.

மிச்சம் இருந்தது ஜன்னல்தான். பகலிலும் சமையலறையில் விளக்கு எரிந்தது. எடித்தா அந்த மஞ்சள் வெளிச்சத்தில் கோட்டைச் சுவர் போல் உயர்ந்து நின்ற நீலத் தகட்டைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

"இது என் ஜன்னலை விட்டுப் போகணும்," என்றாள்.

"லாரி உள்ள வராதே."

"லாரி எதுக்கு? அடியில சறுக்குக் கட்டை போடு. மிங்கா வெச்சு இழுத்துடலாம்."

நோல்பெர்தோவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மிங்கா என்றால் ஊரே கூடி எருது பூட்டி ஒருவர் வீட்டை இழுத்துக் கொடுப்பது. வீட்டுக்காரர்கள் வாசல் வாசலாகப் போய்க் கை கூப்பி வேண்ட வேண்டும். வேண்டினால் யாரும் மறுக்க மாட்டார்கள். இழுத்து முடித்ததும், குழி தோண்டிச் சூடான கல்மேல் மூடி வேகவைத்த சாப்பாடு. வந்தவர்களுக்கு மிச்சத்தைக் குடைபோல் அகன்ற நல்கா இலையில் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஒரு பட்டறைக்காக, அதுவும் இந்தப் பட்டறைக்காக, எடித்தா படியேறிக் கை கூப்பப் போகிறாள்!

"நானும் வர்றேன், சேந்தே கேப்போம்."

"நீ கட்டையைப் பாரு. கேக்கறதை நான் பாத்துக்கறேன்."

அவன் காட்டுக்குப் போய் இரண்டு பெரிய மரங்களை வெட்டிவந்தான். மூக்கு மேல்நோக்கி வளைய, அடி வழவழக்க, இழைத்தான். பெட்டியை ஜாக்கியால் தூக்கி அடியில் கொடுத்துப் பூட்டினான். கட்டைகள் ஏறியதும் சட்டம் நேரானது. கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. அவன் வாழ்க்கையில் ஒழுங்காக முடித்த முதல் வேலை அதுதான்.

அன்று சாயங்காலம் கெட்டில் கொண்டுவந்த எடித்தாவிடம் தைரியமாகக் கேட்டுவிட்டான்.

"ரம்பம் வீட்டை விட்டுப் போயிடுச்சு, பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப அன்னிக்கு சொன்ன அந்த 'இல்லேன்னா'... அது இனிமே கெடயாதுதான?"

எடித்தா கெட்டிலை அடுப்பின்மேல் வைத்தாள். அது ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்தாள்.

"பெட்டி என் ஜன்னலை விட்டுப் போகட்டும். அப்புறம் நமக்குள்ள ஒண்ணும் பாக்கி இருக்காது."

அன்றிரவு நோல்பெர்தோ கட்டிலின் சாய்வைக்கூட உணராமல் தூங்கினான்.

சனிக்கிழமை ஊர் வந்தது. எருது ஜோடிகள் மூச்சில் ஆவி பறக்க நின்றன. யாரோ பெட்டியின் உச்சியில் கொடி செருகினார்கள். ஆப்பிள் கள் கைமாறியது. தோட்டத்து மூலையில் குழி புகைந்தது. கல் சூடேறிக்கொண்டிருக்க, பக்கத்தில் சிப்பியும் இறைச்சியும் கூடை கூடையாகக் காத்திருந்தன. எல்லோரும் நோல்பெர்தோவின் தோளில் தட்டினார்கள். கொஞ்சம் அதிக நேரம் தட்டினார்கள். மீன் நாற்றத்தைக்கூட யாரும் கிண்டல் பண்ணவில்லை.

அவன் கயிறு எடுக்கச் சமையலறைக்குள் நுழைந்தான். எடித்தா சூடான உருளைக்கிழங்கு ரொட்டியையும் புகைபோட்ட இறைச்சியையும் இலையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"குழியே இன்னும் மூடல, அதுக்குள்ள யாருக்குப் பொட்டலம்?"

"சாப்பாட்டு நேரத்துக்கு இங்க இருக்க முடியாத ஒரு ஆளுக்கு."

"பாவம்," என்றான் நோல்பெர்தோ. "இன்னொரு துண்டு வையி."

எடித்தா அவனை ஒரு கணம் பார்த்தாள். இன்னொரு துண்டு வைத்தாள்.

ரோசாமெல் கோலை உயர்த்தினான். நோல்பெர்தோவே முன்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான். "இழுங்கடா! என் பட்டறைடா! இழு!" அவன் குரல்தான் எல்லார் குரலுக்கும் மேலே கேட்டது. கட்டைகள் சேற்றில் முனகின. பெட்டி அசைந்தது, நகர்ந்தது, வழுக்கியது. சமையலறை ஜன்னலில் வெளிச்சம் பாய்ந்தது. ஊரே ஆர்ப்பரித்தது. அதில் நோல்பெர்தோவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

விறகுக் கொட்டகை வந்தது.

"போதும்! இங்கதான்! நிறுத்து!"

எருதுகள் நிற்கவில்லை.

"டேய், தாண்டிட்டீங்கடா!" என்று சிரித்தான். "கள்ளு ஏறிடுச்சா எல்லாருக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டே இழுத்தார்கள். வேலி இருந்த இடத்தில் வேலி இல்லை. கம்பிகள் கழற்றப்பட்டு அழகாகச் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. அப்படிச் சுருட்டும் கையை அவனுக்குத் தெரியும். பெட்டி சாலையில் ஏறி, கடல் இறக்கத்தை நோக்கித் திரும்பியது.

நோல்பெர்தோ கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. எடித்தா ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தாள்.

அவன் சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடி, முன்னால் போகும் ரோசாமெலின் சட்டையைப் பிடித்தான்.

"எங்கடா இழுத்துட்டுப் போறீங்க?"

ரோசாமெல் எருதுகளை நிறுத்தாமல், அவன் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்:

"கீழ, உங்க அப்பா நிலத்துக்குத்தான் மச்சான், எடித்தா எங்ககிட்டக் கை கூப்பிக் கேட்டது பட்டறையை இல்ல, உன் வீட்டை இழுத்துக் குடுக்கச் சொல்லி... சூடு ஆறறதுக்குள்ள சாப்பிட்டுடு, உன் பொட்டலம் உள்ள அடுப்பு மேல இருக்கு."